இங்கே போஸ்டர் ஒட்டாதீர்கள்

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் பொங்கல் விழா மாலையில் பேசியதன் எழுத்து வடிவம்)



சங்கத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, கோலப் போட்டி முடிந்து கையில் கலர் மாவு காயாமல் உட்கார்ந்திருக்கும் சகோதரிகளே, கரும்பைக் கடித்துக்கொண்டே கேட்கப் போகும் பிள்ளைகளே! பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். கொஞ்சம் கூடினால் பொறுத்துக்கொள்ளுங்கள். பொங்கல் ஆறாது, நான் பார்த்துக்கொள்கிறேன்.

"பழைய சினிமா போஸ்டர் பற்றிப் பேசுங்கள், கலகலப்பாக இருக்கும்" என்றார் செயலாளர். பேசுகிறேன். ஆனால் சினிமாவிலிருந்து தொடங்கவில்லை, நம் காம்பவுண்ட் சுவரிலிருந்து தொடங்குகிறேன்.

சென்ற ஆடிக் கிருத்திகைக்கு முன்னால் அந்தச் சுவருக்கு வெள்ளையடித்தோம், நினைவிருக்கிறதா? திருத்தணிக்குக் காவடி எடுத்துப் போகும் கூட்டம் இந்த வழியாகவும் போகும். அந்தக் கூட்டத்தைக் குறிவைத்து ஆளாளுக்கு வந்து ஒட்டிவிடுவார்கள் என்று பயந்து, 'இங்கே போஸ்டர் ஒட்டாதீர்கள்' என்று எழுதுவதாகத் தீர்மானம் போட்டோம். அதற்குக் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன்.

எழுத வந்தவருக்கு எழுபது வயது நெருங்கும். சைக்கிள் கேரியரில் இரண்டு பெயின்ட் டப்பா, ஒரு துணிப்பையில் நாலு பிரஷ். நூலில் சாக்பொடி தடவி, சுவரில் மேலும் கீழுமாக இரண்டு கோடு தட்டினார். பென்சில் கிடையாது, ஸ்கேல் கிடையாது. நேராகப் பிரஷ்ஷை வைத்தார். 'ஒ' எழுத்தின் சுழி ஒரே இழுப்பில் வந்து நின்றது. நான் டீ கொண்டுபோய்க் கொடுத்து, "அண்ணே, இது எங்கே பழகின கை?" என்று கேட்டேன்.

"சினிமா பேனர் சார். மெட்ராஸ்ல பதினெட்டு வருஷம். ஃப்ளெக்ஸ் வந்துச்சு, நான் ஊருக்கு வந்துட்டேன்" என்றார். டீயைக் குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். "அன்னைக்குப் படம் போட்டுச் சோறு தின்னேன். இன்னைக்குப் படம் ஒட்டாதேன்னு எழுதிச் சோறு தின்றேன்."

அன்றிலிருந்து அந்தச் சுவரைத் தாண்டும்போதெல்லாம் அந்த வார்த்தைதான் ஞாபகம் வருகிறது. அதனால்தான் இந்தப் பேச்சு.

நம் ஊர் தறி ஊர். எல்லை ஊரும்கூட. 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி வரைக்கும் திருத்தணிப் பக்கம் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. அதற்குப் பிறகுதான் நாம் மெட்ராஸ் மாநிலத்தோடு வந்தோம். அரசாங்கக் கோடு மாறியதே தவிர, பேச்சு மாறவில்லை. வீட்டில் தமிழ், சந்தையில் தெலுங்கு, அப்பாவைக் கூப்பிடுவது நைனா. அதனால் என் சின்ன வயதில் இங்கே சுவரில் இரண்டு மொழி போஸ்டரும் இருக்கும். ஒன்று திருத்தணிக் கொட்டகையில் ஓடும் படம், இன்னொன்று நகரிப் பக்கம் ஓடும் படம்.

'மாயா பஜார்' 1957-இல் தெலுங்கு, தமிழ் இரண்டிலும் எடுத்த படம். நான் பார்த்தது பல வருஷம் கழித்து, மறுபடி ஓட்டியபோது. ஒரே சுவரில் இரண்டு போஸ்டர். அதே என்.டி. ராமாராவ் கிருஷ்ணராக, அதே எஸ்.வி. ரங்காராவ் கதாயுதத்தோடு கடோத்கஜனாக. எழுத்து மட்டும் வேறு. தமிழில் 'மா' என்று படிப்பேன், பக்கத்துப் போஸ்டரில் அதே இடத்தில் இருக்கும் எழுத்தைப் பார்ப்பேன். அப்படித்தான் எனக்குத் தெலுங்கு எழுத்து வந்தது. எந்த வாத்தியாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இங்கே என் வயதுக்காரர்கள் சிலர் தலையாட்டுகிறீர்கள். நீங்களும் அந்தச் சுவர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்தான்.

இன்னொரு விஷயம். 'பாசமலர்' படம் வந்தது 1961-இல். நம் பக்கம் பல தடவை திரும்பத் திரும்ப ஓடியது. போஸ்டரில் சாவித்திரி அம்மா கட்டியிருந்த சேலையை எங்கள் நைனா நின்று பார்ப்பார். அவர் நெசவாளி. மற்றவர்கள் முகத்தைப் பார்த்தால் அவர் உடம்புக் கலரும் பார்டர் கலரும் பார்ப்பார். அந்தச் சேர்மானத்தை நன்றாகப் பார்க்கவேண்டும் என்றே அம்மாவையும் என்னையும் படத்துக்குக் கூட்டிப்போனார். இடைவேளையில் அவர் முகம் வாடிவிட்டது. "என்னடா இது, படத்துல கலரே இல்லையே!" என்றார். படம் கறுப்பு வெள்ளை. சேலைக்குக் கலர் கொடுத்தது போஸ்டர் எழுதிய ஆள்.

அன்று சிரித்தோம். இன்று யோசித்தால் பெரிய சங்கதியாகத் தெரிகிறது. தமிழில் முதல் முழுநீளக் கலர்ப் படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்'. வந்தது 1956-இல். அதற்குப் பிறகும் பத்துப் பதினைந்து வருஷத்துக்குப் பெரும்பாலான படங்கள் கறுப்பு வெள்ளைதான். போஸ்டர்கள் மட்டும் கலர். அந்த ஓவியருக்குக் கையில் கிடைத்தது கறுப்பு வெள்ளை ஸ்டில் போட்டோ. சட்டை சிவப்பா பச்சையா என்று அவருக்குத் தெரியாது. தானே முடிவு செய்தார். கோபத்தில் இருக்கும் நாயகன் முகத்தில் ஒரு பக்கம் செம்மஞ்சள் வெளிச்சம், மறுபக்கம் நீல நிழல். அழும் தாயின் கன்னத்தில் பச்சை. பக்கத்தில் போய்ப் பார்த்தால் பிரஷ் திட்டுதான் தெரியும், பத்தடி தள்ளி நின்றால் மூச்சு விடும் முகம் தெரியும். நாம் ஞாபகம் வைத்திருக்கும் பழைய படத்தின் கலரில் பாதி, படத்தில் இருந்ததே இல்லை.

அது எப்படித் தயாரானது என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்.

முதலில் டிசைனர். சென்னையில் உட்கார்ந்து, கதையைக் கேட்டு, ஸ்டில்களைப் பரப்பி வைத்து, ஒரு தாளில் முழுக் கதையையும் அடக்குவார். அதற்குச் சரியான உதாரணம் ஈஸ்வர். ஆந்திராவில் பாலகொல்லுவிலிருந்து சென்னைக்கு வந்தவர். 1967-இல் பாபு இயக்கிய 'சாக்ஷி' என்ற தெலுங்குப் படத்துக்கு டிசைன் செய்து ஆரம்பித்து, தெலுங்கு, தமிழ், கன்னடம், இந்தி என்று 2,000 படங்களுக்கு மேல் செய்தார். 2021-இல் சென்னையிலேயே காலமானார். எல்லையில் வாழும் நமக்கு அவர் இரண்டு பக்கத்துக்கும் சொந்தக்காரர். படத்தில் ஹீரோ பெயர் நமக்குத் தெரியும், இயக்குநர் பெயர் தெரியும். நம் சுவரை இத்தனை வருஷம் அலங்கரித்தவர் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

டிசைன் முடிந்தால் அச்சு. அதில் சிவகாசிக்குப் பெரிய பங்கு. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் வேண்டும் என்று அங்கே அச்சுத் தொழில் வளர்ந்தது. லேபிள் அடித்த அதே ஊர் காலண்டரும் அடித்தது, சினிமா போஸ்டரும் அடித்தது. லித்தோ என்கிற கல்லச்சு முறையில் ஒவ்வொரு கலரையும் தனித்தனியாகப் பிரித்து வரைய வேண்டும். மஞ்சளுக்கு ஒன்று, சிவப்புக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று, கறுப்புக்கு ஒன்று. ஒன்றன்மேல் ஒன்றாகத் தாளில் இறங்கினால்தான் முகம் வரும். ஒரு நூல் தள்ளினால் உதடு மூக்குமேல் ஏறிவிடும். தறியில் டிசைன் போட்டவர்களுக்கு இந்தக் கஷ்டம் உடனே புரியும்.

சென்னையில் இது போதாதென்று பேனர், கட்-அவுட். சின்ன ஸ்டில் மேல் சதுரம் சதுரமாகக் கோடு போடுவார்கள். பெரிய துணியிலும் அதே எண்ணிக்கையில் சதுரம் போட்டு, ஒவ்வொரு கட்டமாகப் பெரிதாக்குவார்கள். புதிதாகச் சேர்ந்த பையன் பிரஷ் கழுவுவான். பிறகு பின்னணி வானம், பிறகு எழுத்து, பிறகு துணிமணி. முகத்தைத் தொட வருஷக்கணக்காகும். 1957-இல் 'வணங்காமுடி' படத்துக்கு சென்னை சித்ரா தியேட்டரில் சிவாஜிக்கு 80 அடி கட்-அவுட் வைத்தார்கள். செய்தது மோகன் ஆர்ட்ஸ். 80 அடி உயரத்தில் ஒரு கண் எத்தனை அடி இருக்கும், அதை எழுதும் ஆளுக்கு எழுதும்போது முழு முகம் தெரியவே தெரியாது என்பதை யோசித்துப் பாருங்கள். பம்பாயில் இதே வேலை செய்து வயிறு கழுவிய ஒரு இளைஞர்தான் பிற்காலத்தில் உலகம் அறிந்த எம்.எஃப். ஹுசைன்.

நம் ஊருக்கு வந்து சேர்வது ஒரு சுருள் காகிதம், ஒரு வாளிப் பசை. மைதாவைக் கொதிக்கும் தண்ணீரில் கிண்டி, மாடு தின்னாமலும் பூச்சி அரிக்காமலும் இருக்க மயில்துத்தம் கலந்திருப்பார்கள். அப்படியும் மாடு தின்னும். காலையில் பார்த்தால் வில்லன் மட்டும் மிச்சம் இருப்பான்.

சரி, இவ்வளவு உழைப்பு எதற்கு? பழைய போஸ்டரின் வேலை என்ன?

படத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒருவரை, நடந்துபோகும்போது நிறுத்திச் சொல்வதுதான் அதன் வேலை. ஊடை நூல் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு போகும் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் போஸ்டரைப் பார்த்தவுடன் சொல்வார்: "இது சாமி படம், இது அழுகைப் படம், இது சண்டைப் படம்." பக்திப் படம் என்றால் எழுத்தே கோயில் கல்வெட்டு மாதிரி நிற்கும். பேய்ப் படம் என்றால் எழுத்திலிருந்து ரத்தம் சொட்டும். நகைச்சுவை என்றால் எழுத்து தள்ளாடும். நடுவில் ஜோடி, மேலே அம்மா, ஓரத்தில் வில்லன், கீழே ஒரு கார் பள்ளத்தில் விழுந்துகொண்டிருக்கும். கதை முடிந்தது. படிக்கத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும், காசு இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் ஒரே போஸ்டர். டிக்கெட் வாங்க முடியாதவரும் போஸ்டரைப் பார்த்துவிட்டுப் போகலாம். யாரும் கேட்கமாட்டார்கள்.

பழையதெல்லாம் பொன் என்று நான் சொல்லவில்லை. வேறு படத்திலிருந்து காப்பியடித்த போஸ்டர் நிறைய. காலைக் காட்சிப் படங்களுக்கு ஒட்டிய போஸ்டர்களைத் தாண்ட நம் வீட்டுப் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார்கள். கோயில் மதில், பள்ளிக்கூடச் சுவர் என்று பார்க்காமல் ஒட்டினார்கள். பொது இடத்தை அலங்கோலமாக்குவதைத் தடுக்க இந்த மாநிலத்தில் 1959-லேயே சட்டம் வந்தது சும்மா இல்லை. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் சாலை நடுவே வைத்த பேனர் ஒன்று விழுந்து, வண்டியில் போன இளம்பெண் ஒருவர் உயிரிழந்தார். அதற்குப் பிறகு பேனர் வேண்டும் என்று எவராலும் வாய் திறந்து பேச முடியாது. நானும் பேசவில்லை.

ஆனால் போஸ்டர் மங்கியதற்குக் காரணம் சட்டம் மட்டும் இல்லை. கம்ப்யூட்டர் மட்டும் என்று சொல்வதும் பாதி உண்மைதான். 90-களில் கம்ப்யூட்டர் டிசைன் வந்தது, 2000-க்குப் பிறகு ஃப்ளெக்ஸ் வந்தது. பத்து நாள் வேலையைச் சில மணி நேரத்தில் மெஷின் முடித்துவிட்டது. நம் சுவர் அண்ணன் ஊருக்குத் திரும்பியது அப்போதுதான். இது ஒரு பக்கம்.

இன்னொரு பக்கம், படம் ஓடும் விதமே மாறிவிட்டது. முன்பு பிலிம் பிரிண்ட் எண்ணி எடுத்தார்கள். முதலில் பெரிய நகரம், பிறகு சின்ன நகரம், கடைசியில் நம்மைப் போன்ற ஊர்க் கொட்டகை. சென்னையில் தீபாவளிக்கு வந்த படம் நமக்கு வர அடுத்த சித்திரைகூட ஆகலாம். அந்தப் போஸ்டர் மாசக்கணக்கில் உழைக்க வேண்டும். 50-வது நாள், 100-வது நாள், வெள்ளிவிழா என்று புதிது புதிதாக வரும். 'இன்றே கடைசி' என்று குறுக்கே ஒரு துண்டுச் சீட்டு ஒட்டினால் ஊரே ஓடும். இன்று டிஜிட்டல். ஒரே வெள்ளிக்கிழமை நூற்றுக்கணக்கான தியேட்டர். மூன்று நாள் வசூல்தான் கணக்கு. நாலைந்து வாரத்தில் வீட்டு டிவியிலேயே வந்துவிடுகிறது. மூன்று நாள் ஓட்டத்துக்கு எவர் மூன்று வாரம் போஸ்டர் எழுதுவார்?

அதோடு, இன்றைய போஸ்டர் யாரிடம் பேசுகிறது என்று பாருங்கள். 'ஃபர்ஸ்ட் லுக்' என்று மாலை ஆறு மணிக்கு போனில் வருகிறது. ஏற்கெனவே காத்திருப்பவருக்குத்தான் வருகிறது. போன மாதம் என் பேரன் ஒன்றைக் காட்டினான். இருட்டு, புகை, முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவர், கையில் கத்தி. "இது என்ன கதைடா?" என்றேன். "தாத்தா, கதையா? தலைவர் படம்!" என்றான். அவனுக்கு அது போதும். எனக்கு அதில் நுழைய வாசலே இல்லை. அவனே அடுத்த நாள் இன்னொரு நடிகர் படத்தைக் காட்டினான். அதே இருட்டு, அதே புகை, கத்திக்குப் பதில் துப்பாக்கி.

இதற்கும் ஒரு பழைய முன்னுதாரணம் உண்டு. 1973 மே 11-ஆம் தேதி எம்.ஜி.ஆரின் 'உலகம் சுற்றும் வாலிபன்' வந்தபோது சென்னையில் போஸ்டர் ஒட்டாமலே வெளியிட்டார்கள். கூட்டம் அலைமோதியது. ஏன்? தமிழ்நாட்டில் அந்தப் படத்தைப் பற்றித் தெரியாதவர் யாரும் இல்லை. தெரிந்தவருக்குப் போஸ்டர் தேவையில்லை. அன்று அது ஒரு படத்துக்கு நடந்தது. இன்று ஒவ்வொரு பெரிய படமும் தன்னை அப்படித்தான் நினைத்துக்கொள்கிறது. நட்சத்திரம் இல்லாத சின்னப் படத்துக்குத்தான் நஷ்டம். முன்பு ஒரு நல்ல போஸ்டர் அதற்குக் கைகொடுத்தது. இன்று அது வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

நம் தெருவையே பாருங்கள். சுவர் காலியாகவா இருக்கிறது? கண்ணீர் அஞ்சலி, பிறந்தநாள் வாழ்த்து, மஞ்சள் நீராட்டு விழா, கட்சி விளம்பரம். போஸ்டர் இருக்கிறது. எல்லோருக்கும் பொதுவாக ஒரு கதை சொன்ன போஸ்டர்தான் இல்லை. முன்பு ஊரில் எல்லோரும் ஒரே சுவரைப் பார்த்தோம். இப்போது ஒவ்வொரு கைக்கும் ஒரு சுவர். என் சுவரில் வருவது என் மருமகளுக்குத் தெரியாது, அவள் சுவரில் வருவது எனக்குத் தெரியாது.

போனதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. நம்மால் முடிந்த இரண்டு காரியத்தை மட்டும் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, பரண். போகிக்கு எரித்தது போக மிச்சம் இருக்கும் டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பாட்டுப் புத்தகம், பிட் நோட்டீஸ், நோட்டுப் புத்தகத்துக்கு அட்டை போட்ட போஸ்டர் துண்டு, எது கிடைத்தாலும் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் 2002-இல் இந்திய சினிமா போஸ்டர் கலைக்கென்றே ஒரு கண்காட்சி நடத்தியது. அவ்வளவு தூரம் போக வேண்டாம். சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. அதற்கு மூலதனம் கோட்டையூர் ரோஜா முத்தையா என்ற தனி மனிதர் சேர்த்த புத்தகமும் பத்திரிகையும் நோட்டீசும்தான். அவர் பிழைப்புக்கு என்ன செய்தார் தெரியுமா? விளம்பரப் பலகை எழுதினார். பிரஷ் பிடித்த கைக்குத்தான் காகிதத்தின் அருமை தெரிந்திருக்கிறது. உங்களிடம் கிடைப்பதை முதலில் போட்டோ எடுங்கள். அடுத்த இதழில் போடலாம். பிறகு இது போன்ற நூலகத்துக்குக் கொடுப்பதைப் பற்றி யோசிக்கலாம்.

இரண்டாவது, நம் சுவர். நுழைவாயிலில் பிளாக் பெயர்களை மாற்ற ஃப்ளெக்ஸ் போர்டுக்கு விலை கேட்டிருக்கிறோம். செயலாளர் அடுத்த கூட்டத்தில் வைக்கப்போகிறார். வெயிலில் இரண்டு வருஷத்தில் வெளுத்துக் கிழியும் ஃப்ளெக்ஸுக்குப் பதில், அதை அந்த அண்ணனிடம் எழுதக் கொடுக்கலாம் என்பது என் கோரிக்கை. இன்னொன்று, பிள்ளைகள் விளையாடும் பக்கம் காம்பவுண்ட் சுவரின் உள்பக்கம் இருபது அடி சும்மா இருக்கிறது. தெருவுக்குத் தெரியாது, யாருக்கும் தொந்தரவு இல்லை. அதில் பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் ஒரு பழைய படத்தின் போஸ்டரைப் பெரிதாக எழுதட்டும். சதுரம் போடுவது எப்படி, நிழலுக்கு நீலம் ஏன் என்று அவர்களுக்கும் சொல்லித் தரட்டும். கூலியைச் சங்கம் மட்டும் ஏற்க வேண்டியதில்லை. நான் என் பங்கைத் தருகிறேன், நீங்களும் சேரலாம்.

இங்கே வருவதற்கு முன்னால் அவரிடம் கேட்டுவிட்டுத்தான் வந்தேன். "அண்ணே, சங்கத்துல ஒத்துக்கிட்டா பெரிய படமா ஒண்ணு எழுதித் தருவீங்களா?" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் வலது கையை நீட்டி விரலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எழுத்து எழுதிடுவேன் சார். முகம் எழுதி இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. கை நிக்குதான்னு பார்க்கணும்."

நீங்கள் சம்மதித்தால் பார்த்துவிடலாம்.

 எல்லோருக்கும் பொங்கல் வாழ்த்துகள்.